பொட்டலம் கட்டுகிற அறை: இளம் வழக்கறிஞர்களும் இணையவழிப் பயிற்சியும்

1

2024 ஜூலை மாதம் ஒரு நாள் காலை. டெல்டா மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வக்கீல் தொழில் செய்துவருகிற நான் முன்ஜாமீன் மனு ஒன்றைச் சொல்லச் சொல்ல, என் ஜூனியர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். '438ன் கீழ்' என்று ஆரம்பித்தேன். அவருடைய கை நின்றது. 'சார், இப்ப 482.' 'ஏம்மா, 482 ஹைகோர்ட்டுக்குப் போறவன் போடுறது' என்றேன். 'அது இப்ப 528 சார்' என்றார், தலையை நிமிர்த்தாமல்.

அவர் சொன்னது சரி. அந்த ஜூலை 1ஆம் தேதி குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்திருந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்த வக்கீலும் '482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம்' என்று சொல்லியிருப்பார். ஒரே இரவில் அந்த எண் முன்ஜாமீனுக்கு உரியதாகிவிட்டது. ஊரே வசவாகப் பயன்படுத்திய 'நானூத்தி இருபது'க்கு இப்போது 318, உட்பிரிவு 4. புதிய தண்டனைச் சட்டத்தில் மொத்தமே 358 பிரிவுகள்தான், 420 என்ற எண்ணே அதில் கிடையாது.

'எங்கம்மா படிச்ச இதெல்லாம்?' என்று கேட்டேன். ஆன்லைனில் ஒரு நடைமுறைப் பயிற்சி, ராத்திரி நேரத்தில், ஃபோனில் பார்த்தது என்றார். அதற்குக் கட்டணமாக அவர் கட்டிய தொகை, நான் அவருக்கு மாதாமாதம் கொடுத்துவந்ததில் இரண்டு மாதத்துக்குரியது. எவ்வளவு கொடுத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

இணையவழிப் பயிற்சி பற்றி வக்கீல்களிடையே இரண்டு விதமான பேச்சுகள் உண்டு. ஒன்று, பார் அசோசியேஷன் அறையில் டீ குடித்தபடி சீனியர்கள் பேசுவது. 'நீச்சலை டிவியில பாத்துக் கத்துக்க முடியுமாய்யா?' என்கிற கேலி. மற்றது அந்தப் பயிற்சிகளை விற்பவர்கள் பேசுவது. சீனியர் ஆபீஸ் கதவு திறக்காதவர்களுக்கு நாங்கள் கதவு திறக்கிறோம், இது அறிவின் ஜனநாயகம் என்கிற முழக்கம். இவை எதிரெதிராகத் தோன்றினாலும் ஒரே கருத்தியலிலிருந்து பிறப்பவை. புதிதாகப் பதிவு செய்துகொண்ட வழக்கறிஞர் ஒரு காலிப் பாத்திரம், அதில் ஊற்ற வேண்டியதுதான் பாக்கி என்று இரண்டுமே நம்புகின்றன. எந்தச் செம்பிலிருந்து ஊற்றுவது என்பதில்தான் தகராறு. எனக்குச் சந்தேகம் அந்த நம்பிக்கையின் மேல்தான்.

2

கேலி செய்பவர்களின் கட்சியிலிருந்து தொடங்குகிறேன். நானும் அந்தக் கட்சியில் இருந்தவன்தான்.

2001இல் பதிவு செய்துகொண்டு ஒரு சீனியரிடம் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் நீதிமன்றப் படி ஏறிய முதல் ஆள் நான். அதற்கு முன் ஏறியவர்கள் கைதியாகவோ சாட்சியாகவோ ஏறியவர்கள். கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஆபீஸிலிருந்து கோர்ட்டுக்கும் கோர்ட்டிலிருந்து ஆபீஸுக்கும் நடப்பது என் வேலை. டவாலி பெயர் கூப்பிட்டதும் எழுந்து நின்று 'சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார், பாஸ் ஓவர் கேட்கிறேன்' என்று சொல்ல வேண்டும். வாய்தா தேதியை டைரியில் குறிக்க வேண்டும். கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும் சீனியர் சொல்வார்: 'தம்பி, மூணு டீ சொல்லிட்டு வா.' டீ சொல்லிவிட்டு வருவதற்குள் முக்கியமான பேச்சு முடிந்திருக்கும். உள்ளே உட்கார்ந்து கேட்டவர் அவருடைய மகன். அவருக்கும் அன்று என் வயதுதான்.

வேலை கேட்டுப் போன முதல் நாள் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இரண்டு. எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? இரண்டாவது கேள்வியின் அர்த்தம் தமிழ் படிக்கிற யாருக்கும் விளக்கத் தேவையில்லாதது.

பிற்பாடு, ஜீன் லேவும் எத்தியன் வெங்கரும் 1991இல் எழுதிய 'சூழல்சார் கற்றல்' பற்றிய சிறு புத்தகத்தைப் படித்தபோது இதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது. தொழில் என்பது தலைக்குள் ஏற்றப்படும் செய்தி அல்ல, ஒரு தொழில் சமூகத்தின் விளிம்பிலிருந்து படிப்படியாக மையத்தை நோக்கி அனுமதிக்கப்படுவது என்பது அவர்கள் வாதம். மருத்துவச்சிகள், தையல்காரர்கள் என்று பல உதாரணங்கள் தருகிறார்கள். அவற்றில் ஒன்று வித்தியாசமானது. அமெரிக்கச் சூப்பர் மார்க்கெட்டில் இறைச்சி வெட்டும் தொழில் பழகுகிறவர்களைப் பற்றியது அது. அவர்களைப் பொட்டலம் சுற்றுகிற இயந்திரத்தடியில் நிறுத்திவிடுகிறார்கள். அங்கிருந்து பார்த்தால் தேர்ந்த ஆட்கள் வெட்டுவது கண்ணில் படாது. பேருக்குத் தொழில் பழகுகிறார்கள். கற்றுக்கொள்வதோ பொட்டலம் சுற்ற மட்டும்தான்.

சீனியர் ஆபீஸில் நான் இருந்தது அந்தப் பொட்டலம் கட்டுகிற அறையில்தான். ஆகவே, 'அந்தக் காலத்தில் குருகுலம் மாதிரி கற்றோம்' என்று யாராவது ஆரம்பித்தால் நான் கேட்பது ஒன்றே: உங்களை எந்த அறையில் நிறுத்தினார்கள்? குருகுலம் எல்லோருக்கும் ஒரே குருகுலமாக எங்கே இருந்தது? பெண் ஜூனியர்களுக்கு அது இன்னும் குறுகியது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் கட்சிக்காரர்கள் வருவார்கள். ஆறு மணிக்கு மேல் அவர்கள் இருந்தால் வீடு பேசும், இருக்காவிட்டால் ஆபீஸ் பேசும்.

3

அரசும் பார் கவுன்சிலும் இதில் என்ன செய்தன? ஒரு ஊசலாட்டத்தைத்தான் பார்க்கிறோம். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் முதலில் பதிவுக்கு முன் பயிற்சியையும் தேர்வையும் விதித்திருந்தது. 1973ஆம் ஆண்டுத் திருத்தம் அதை எடுத்துவிட்டது. 1995இல் பார் கவுன்சில் விதிகள் வகுத்து ஒரு வருடப் பயிற்சியைத் திரும்பக் கொண்டுவந்தது. அப்படி விதிக்க அதற்கு அதிகாரமில்லை என்று 1999இல் சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2011 முதல் அகில இந்திய பார் தேர்வு வந்தது. அது செல்லும் என்று 2023 பிப்ரவரியில் அரசியல் சாசன அமர்வு சொன்னது. இத்தனை விவாதத்திலும் முன்னுக்கு வந்த கேள்வி, யாருக்கு விதிக்கிற அதிகாரம் என்பது. பயிலும் ஆண்டுகளில் அந்தப் பையனுக்கும் பெண்ணுக்கும் யார் சோறு போடுவது என்பது ஒதுங்கியே நின்றது.

வெளி சார்ந்தும் ஒன்று நடந்தது. சென்னைச் சட்டக் கல்லூரி உயர் நீதிமன்றத்தை ஒட்டி பாரிமுனையில் இருந்தது. வகுப்பு முடிந்து நடந்தே போய் ஒரு கோர்ட் ஹாலின் பின்பெஞ்சில் உட்காரலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அழைப்போ சிபாரிசோ வேண்டாத ஒரே பயிற்சி அது. 2008 நவம்பரில் அந்த வளாகத்தில் மாணவர்களுக்கிடையே நடந்த சாதி மோதல் விசாரணைக் கமிஷனில் போய் முடிந்தது. 2018இல் கல்லூரி பட்டறைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் போய்விட்டது. சாதி நோய்க்குக் கிடைத்த மருந்து, மாணவனை நீதிமன்றத்திலிருந்து அப்புறப்படுத்துவது. இரண்டு வருடம் கழித்து 2020 மார்ச்சில் நீதிமன்றங்களே திரைக்குள் போயின. பின்பெஞ்சும் இல்லை. அந்த இடைவெளியில்தான் இணையவழிப் பயிற்சி என்கிற சரக்கு இவ்வளவு வேகமாக விலைபோக ஆரம்பித்தது. சீனியர்களின் கேலி இதைக் கணக்கில் எடுப்பதில்லை. தண்ணீரை வேறெங்கோ கொண்டுபோய் வைத்துவிட்டு நீச்சலைப் பற்றிப் பேசுகிறார்கள்.

4

இனி அந்தப் பயிற்சியை ஒரு பிரதியாக வைத்து வாசிப்போம். ஜூனியரிடம் கேட்டு, சில ராத்திரிகள் நானும் பார்த்தேன்.

அதில் நல்லது இருக்கிறது. வக்காலத்தில் எங்கே ஸ்டாம்ப் ஒட்டுவது, செக் மோசடி நோட்டீஸை எத்தனை நாளுக்குள் அனுப்புவது, ஒப்பந்தத்தில் எந்த ஷரத்து எதற்கு என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்கிறார்கள். என் சீனியர் ஆபீஸில் இவற்றை அறிந்தவர் அவருடைய குமாஸ்தா. அவர் அதைப் பெட்டிச் சாவி மாதிரி இடுப்பில் வைத்திருந்தார். மனு ரிட்டர்ன் ஆகி வந்தால் என்ன குறை என்று சொல்லித்தர ஒரு வாரம் அவர் பின்னால் அலைய வேண்டும். அந்தச் சாவிக்கு இன்று பழைய விலை இல்லை. சட்டமே மாறிய அந்த ஜூலை 1 அன்று, இருபது வருட ஞாபகமும் இரண்டு மாதப் படிப்பும் ஒரே கோட்டில் வந்து நின்றன. ஞாபகம் ஒரு மூலதனம் என்பதும், அது எப்படிக் குடும்பம் குடும்பமாகக் கைமாறி வந்தது என்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தது.

ஆனால் அந்தப் பிரதியில் கட்சிக்காரர் எப்படி வருகிறார் என்று பாருங்கள். 'அ' என்பவர் 'ஆ' என்பவருக்கு இன்ன தேதியில் இவ்வளவு தொகை கடன் கொடுத்தார். 'ஆ' இன்ன தேதியில் மறுத்தார். இப்போது பிராது தயாரிக்கவும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 7, விதி 1, வழக்கு மூலமான சங்கதிகளையும் அது எப்போது எழுந்தது என்பதையும் பிராதில் சொல்லச் சொல்கிறது. பயிற்சியில் இந்தச் சங்கதிகள் ஏற்கெனவே அறுத்து, கழுவி, தட்டில் வைக்கப்பட்டிருக்கின்றன. 'அ'வுக்குச் சாதியில்லை, ஊரில்லை, அவர் அழுவதில்லை, பொய் சொல்வதில்லை, பாதிக் கதையை மறைப்பதில்லை, கூட வந்த மச்சானைப் பார்த்துப் பார்த்துப் பேசுவதில்லை.

பியர் பூர்தியு சட்டம் பற்றி எழுதும்போது இதைத்தான் கவனித்தார். சாதாரண மனிதரின் மனத்தாங்கல் நீதிமன்றத்துக்குள் நுழைய வேண்டுமானால் அது சட்டத்தின் மொழிக்கு மாற்றப்பட வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்கிற உரிமையை வைத்திருப்பதுதான் தொழில்காரர்களின் அதிகாரம். பயிற்சிப் பிரதி இந்த மாற்றம் முடிந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. பொட்டலம் கட்டுகிற அறையில் கை வேலை செய்தது, வெட்டுவது கண்ணில் படவில்லை. திரையில் வெட்டுவதைப் பார்க்க முடிகிறது, ஆனால் கத்தி கைக்கு வருவதில்லை.

மொழியையும் பாருங்கள். நான் பார்த்த பாடம் ஆங்கிலத்தில், இடையிடையே இந்தி. அதன் மனதில் இருக்கிற வழக்கறிஞர் பெருநகரத்துக் கம்பெனிக்கு ஒப்பந்தம் எழுதுகிறவர். தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களிலோ பிராதும் பிரமாண வாக்குமூலமும் தமிழில் எழுதலாம். 1976ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்தே அதற்கு இடமுண்டு. சாட்சி தமிழில்தான் பேசுவார். 'பாத்தியம்', 'அனுபோகம்', 'கிரயம்', 'வில்லங்கம்' என்ற சொற்களை அந்தத் திரை ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. ஆங்கிலத்தில் பூர்த்தியான ஒரு பிராதை என் ஜூனியர் அழகாக எழுதிக் கொண்டுவந்தார். எங்கள் முன்சீப் கோர்ட்டில் அதை வைத்து எதிராளியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது.

5

இப்போது காசு. சிறுபத்திரிகைக் கட்டுரைகளில் அதிகாரம் பற்றிப் பேசுவோம், கூலி பற்றிப் பேசக் கூச்சப்படுவோம்.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் அமர்வு ஒன்று, ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் பிற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் கொடுக்கப்பட வேண்டும் என்றது. அந்த அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் நகர்ப்புறத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று சுற்றறிக்கை அனுப்பியது. அனுப்பியது கட்டளையாக அல்ல, பரிந்துரையாக. இடையில் ஜூலை 30 அன்று கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதிவுக் கட்டணம் சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு, பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்றது. அதுவரை மாநில பார் கவுன்சில்கள் பல்லாயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தன. விளிம்பு நிலையிலிருந்து வருகிறவர்களை வாசலிலேயே தடுக்கிற ஏற்பாடு அது என்பதை நீதிமன்றமே ஒத்துக்கொண்டது.

வாசல் கட்டணம் குறைந்தது நல்லது. உள்ளே வந்தபின்? நான் கொடுத்துவந்தது மாதம் 5,000 ரூபாய். அது எனக்குக் குறைவாகவே தோன்றவில்லை. ஏனென்றால் எனக்கு ஒன்றுமே கொடுக்கப்படவில்லை. நாம் பட்டதை அடுத்தவரும் படட்டும் என்பதற்குப் 'பயிற்சி' என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒரு நாளில் நான்கு கோர்ட்டில் எனக்காக நிற்கிற ஒருவர் செய்வது வேலை. அதைப் பயிற்சி என்று அழைத்த கணத்தில் கூலி என்கிற கேள்வி மறைந்துபோகிறது. இணையவழிப் பயிற்சி இந்த மறைப்பில் இன்னொரு அடி முன்னே போகிறது. முன்பு கூலியில்லாமல் கற்றார்கள், இப்போது கூலியில்லாமல் வேலை செய்துகொண்டு, கற்பதற்குத் தனியாகக் காசும் கட்டுகிறார்கள். கற்றுக்கொடுக்க வேண்டிய என் பொறுப்பை அவர் தன் சொந்தச் செலவில் வேறொருவரிடம் வாங்கிவந்தார். 2024 ஜூலையில் அவர் என்னைத் திருத்தினாரே, அந்தத் திருத்தத்துக்கான கட்டணத்தையும் அவரே கட்டியிருந்தார்.

2025 மே 20 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதி பதவிக்கு விண்ணப்பிக்க மூன்று ஆண்டு வழக்கறிஞர் தொழில் அனுபவம் வேண்டும் என்றது. 2002இல் எடுக்கப்பட்ட நிபந்தனைதான் திரும்ப வந்தது. கோர்ட்டையே பார்க்காதவர் நீதிபதியாகக் கூடாது என்கிற நியாயம் புரிகிறது. ஆனால் அந்த அனுபவத்துக்குச் சான்று தரக்கூடியவர்களில் பத்து ஆண்டு தொழிலில் உள்ள வழக்கறிஞரும் ஒருவர். அதை நீதித்துறை அதிகாரி மேலொப்பமிட வேண்டும். ஆக, சீனியரின் கையெழுத்துக்கு ஒரு விலை வந்துவிட்டது. எந்தத் திரையாலும் தர முடியாத ஒன்று அது. அந்த மூன்று வருடம் எதைச் சாப்பிட்டார் என்று சான்றிதழில் எழுத இடமில்லை.

6

காலிப் பாத்திரம் என்ற நம்பிக்கையின் மேல்தான் சந்தேகம் என்றேன். அதை உடைத்தது இதே ஜூனியர்தான், அந்தப் பயிற்சியில் சேர்வதற்கு முன்பே.

2023 ஜூன் தொடக்கம். வயதான ஒரு அம்மா வந்தார். குடியிருக்கிற மனையும் கொல்லையும் தனக்குத்தான் என்று விளம்புகை கேட்டு வழக்குப் போட வேண்டும். கொழுந்தன் ஒரு பொங்கலன்று வந்து 'இனி இதுல உனக்குப் பாத்தியம் இல்ல' என்று சொல்லியிருக்கிறார். எந்த வருடப் பொங்கல்? அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. கேட்கக் கேட்கக் கல்யாணத்திலிருந்து ஆரம்பித்தார். அந்தத் தேதியில்தான் வழக்கு நின்றது. உரிமை முதன்முதலாக மறுக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் காலவரையறை. கொரோனாவுக்காக 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை உச்ச நீதிமன்றம் கழித்துக் கொடுத்திருந்தது. கணக்குப் போட்டால், அது 2018 பொங்கல் என்றால் 2022 முடிவோடு காலம் தீர்ந்தது; வழக்கு கிடையாது. 2019 பொங்கல் என்றால் இன்னும் ஏழு மாதம் இருந்தது.

நான் பதினைந்து நிமிடம் கேட்டேன். எரிச்சல் வந்தது. கட்சிக்காரர் வாயில் தேதியைத் திணிக்கிற வழக்கம் தொழிலில் உண்டு, அதைச் செய்யவும் மனமில்லை. ஃபோன் வந்து எழுந்து வெளியே போனேன். திரும்பி வந்தபோது ஜூனியர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

'கஜா அடிச்சப்ப உங்க வீடு என்ன ஆச்சும்மா?'

'ஓடெல்லாம் பறந்துபோச்சு தாயி.'

'அப்புறம் யாரு மாத்துனது?'

'அவந்தான். கொழுந்தந்தான். ரெண்டு ஆள வச்சு நின்னு மாத்திக் குடுத்தான். அப்பல்லாம் நல்லாத்தான் இருந்தான். தையில வந்துதான் அப்படிப் பேசுனான்.'

கஜா புயல் கரை கடந்தது 2018 நவம்பர் 16. அதற்கடுத்த தை 2019. ஓடு வாங்கிய ரசீதையும் பிறகு தேடி எடுத்தோம். வழக்கு நம்பர் ஆயிற்று.

இந்தக் கேள்வியை அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்? நான் இல்லை, பிறகு அவர் படித்த பயிற்சியும் இல்லை. கஜாவில் அவருடைய வீட்டுக் கூரையும்தான் போயிற்று. புயலுக்கும் வெள்ளாமைக்கும் சாவுக்கும் கணக்கு வைத்துக்கொள்கிற ஊரிலிருந்து வந்தவர் அவர். காலண்டர் வைத்துக் கேட்கிற எனக்குத் தெரியாத காலம் ஒன்று அவருக்குத் தெரியும். நானும் அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவன்தான். இருபது வருடத்தில் மறந்துபோனேன், அல்லது மறக்கப் பயிற்றுவிக்கப்பட்டேன். விளிம்பிலிருந்து வருகிறவர் கொண்டுவருகிற இந்த அறிவுக்குச் சீனியர் ஆபீஸில் மதிப்பில்லை, திரையில் இடமில்லை. அன்று அது வெளிப்பட்டது நான் எழுந்து வெளியே போனதால். நான் போகாமலிருந்தால் அவர் டீ சொல்லிவிட்டு வரப் போயிருப்பார்.

ஆகவே என் கட்சி இணையவழிப் பயிற்சி வேண்டாம் என்பதல்ல. அது இலவசமாக, தமிழில், பொதுப்பணத்தில் நடக்கட்டும். சட்டப் பல்கலைக்கழகமும் நீதித்துறைப் பயிலகமும் அதைச் செய்யலாம். கற்பனையான 'அ', 'ஆ'வுக்குப் பதிலாக, பெயர் நீக்கி, நிஜமாக ரிட்டர்ன் ஆன மனுக்களையும் அவற்றின் குறைத் தாள்களையும் பாடமாக வைக்கட்டும். கட்சிக்காரரிடம் கேட்கிற கலையைத் திரைக்கு விட வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு வட்டத்திலும் சட்டப்பணிகள் குழுவுக்கு ஏற்பாடு இருக்கிறது. இலவச உதவி கேட்டு மக்கள் நேராக வருகிற இடம் அது. முதல் மூன்று வருட வழக்கறிஞர்களை அங்கே முன் நாற்காலியில் உட்காரவைத்து, அதற்குக் கூலி கொடுக்கட்டும். கௌரவத் தொகை என்று பெயர் வைக்காமல், கூலி என்றே கொடுக்கட்டும்.

2025 முடிகிற சமயத்தில் அவர் மூன்று வருடச் சான்று கேட்டு வந்தார். கையெழுத்துப் போட்டேன். பேனாவை மூடும்போது, அவர் சொந்தப் பெயரில் எத்தனை வக்காலத்து தாக்கல் செய்திருக்கிறார் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரலுக்குள் அடங்கியது. மற்றதெல்லாம் என் பெயரில். இப்போது 15,000 கொடுக்கிறேன். முந்தைய மாதங்களுக்குரிய பாக்கியைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசிக்கிறேன். 'பயிற்சி' என்றுதான் சொல்லியிருப்பேன்.